கீவளூருக்குப் பேப்பர் வந்த கதை

ஒருத்தர் எந்தக் கட்சி, எத்தனை வேலி நிலம், கோயில்ல பரிவட்டம் கட்டிக்கிறவரா இல்லை கறுப்புச் சட்டையா... இதையெல்லாம் தெரிஞ்சுக்க எங்க பக்கத்துல முன்னாடி யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. காலையில அவர் கையில என்ன பேப்பர் இருக்குன்னு பார்த்தா போதும். தினமணின்னா ஒரு ஆள், முரசொலின்னா ஒரு ஆள், தீக்கதிர்னா அதைக் கேட்கவே வேணாம். தினத்தந்தி மட்டும்தான் பொதுச் சொத்து. அதை டீக்கடையில யாரும் காசு கொடுத்து வாங்கினதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா எல்லாரும் படிச்சிருப்பாங்க :-)

ஒரு மனுஷன் தினமும் செய்தியை எங்கேயிருந்து வாங்கிக்கிறான், ஏன் அங்கேயிருந்து வாங்கிக்கிறான்னு ரொம்ப நாளாக யோசிச்சுக்கிட்டிருக்கேன். 'எது உண்மையைச் சொல்லுதோ அதை' என்று எல்லாரும் சொல்வோம். எங்க ஊர்க் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

கீழ்வேளூர் என்பது பஸ் போர்டில் இருக்கிற பேர். தேவாரத்துல திருக்கீழ்வேளூர். ஊர்க்காரங்க வாயில் கீவளூர். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, தஞ்சாவூர் சாலையில் இருக்கிற ஊர். கேடிலியப்பர் கோயில், சுத்திலும் வயல், ஒரு ரயில் ஸ்டேஷன். இந்த ரயில் சின்ன விஷயம் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861-62லேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்டதுதான். ஆனா அதே ரயிலில்தான் பின்னால் பேப்பர் கட்டும் வந்தது.

முதலில் வந்தது சுதேசமித்திரன். ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882ல் வாரப் பத்திரிகையாக ஆரம்பித்து, 1899ல் நாளேடாக மாற்றினார். மெட்ராஸில் அச்சாகி இங்கே வந்து சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். யார் திண்ணையில் உட்காரலாம் என்பதுதான் யாருக்குச் செய்தி கிடைக்கும் என்பதையும் முடிவு பண்ணியது. வயலில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அந்தத் திண்ணை கிடையாது. அவர்களுக்குச் செய்தி என்றால் தண்டோரா, இல்லாவிட்டால் கப்பல்.

கப்பல்னு சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் போய்வந்த காலம். ரஜூலா கப்பல் 1926லிருந்து 1970களின் தொடக்கம் வரை ஓடியது. போய்த் திரும்பின ஆள் ஒவ்வொருத்தரும் ஒரு நடமாடும் பேப்பர். அங்கே ஒரே லயத்துல எல்லாச் சாதியும் கிடந்ததையும், கையில் கூலிக் காசு வாங்கினதையும் வந்து சொன்னார்கள். கொசுறு தகவல்: சிங்கப்பூரில் 1935ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ.சாரங்கபாணி பிறந்தது திருவாரூரில். ஆரம்பத்தில் ஒரு காசு விலைக்கு விற்ற பத்திரிகை அது. பக்கத்து ஊர்க்காரர் கடல் கடந்து போய் நடத்திய பேப்பர்!

அடுத்து 1934. டெல்டாக்காரர்களுக்கு இந்த வருஷம் ரெண்டு காரணத்துக்காக முக்கியம். ஆகஸ்ட் 21 அன்று மேட்டூர் அணை திறந்தது. செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளில், டி.எஸ்.சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வந்தது. மூணு வாரந்தான் இடைவெளி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனா எங்க தாத்தா காலத்து ஆட்களைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே சமாச்சாரம். ஏன்னா அவர்கள் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்த்தது சுதந்திரப் போராட்டத்தையோ உலகப் போரையோ இல்லை, மேட்டூர் நீர்மட்டத்தை. 120 அடி முழுக் கொள்ளளவு. இன்னைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. ஜூன் 12 நெருங்கினா டீக்கடையில மத்த பேச்சே இருக்காது. தாத்தா கண்ணாடியை நெற்றியில் ஏத்திவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் கண்ணுக்குப் பக்கத்துல வைத்துப் படிப்பார். தொண்ணூறு அடியைத் தாண்டினால்தான் மற்ற பக்கத்துக்கே போவார். இதில் ஒரு வேடிக்கை. எந்தப் பேப்பரை வாங்கினாலும் அந்த எண் மாறாது. தினமணியிலும் அதுதான், முரசொலியிலும் அதுதான். எங்க ஊர் எல்லாக் கட்சியும் சண்டை போடாம நம்பிய ஒரே செய்தி அது.

1942ல் மறுபடி ரெண்டு. ஆகஸ்டில் திருவாரூரில் கருணாநிதி முரசொலியை ஒரு துண்டுத்தாளாகக் கொண்டுவந்தார். 'சேரன்' என்ற பேரில் எழுதினார், வயசு பதினெட்டு. நவம்பர் 1ல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கினார். முரசொலி 1960ல்தான் நாளேடாச்சு, அதுக்கு முன்னாடியே சென்னைக்குப் போய்விட்டது. இருந்தாலும் எங்க பக்கத்துக் கழகக்காரர்களுக்கு அது 'நம்மூர் பேப்பர்'.

தந்தி வேறு மாதிரி. அதுவரைக்கும் பேப்பர்த் தமிழ் என்பது படித்தவங்க தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துடும். ஆதித்தனார் வாக்கியத்தை ஒடித்தார். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பேசுகிற சொல், படம். கொலை, கொள்ளை, கள்ளக்காதல்னு கேலி பண்ணுவோம், சரிதான். ஆனா நூறு நாள் தொடர்ந்து தந்தி படித்து எழுத்துக் கற்றுக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கேன். 1960ல் ஆரம்பித்த கன்னித்தீவைப் பார்க்க மட்டுமே டீக்கடைக்கு வந்த ஆட்களும் உண்டு. "அண்ணே, அந்த நடுப்பக்கத்தக் கொஞ்சம் குடுங்க" என்பதுதான் எங்க ஊர்க் காலை வணக்கம். ஒரு பேப்பர் எட்டாகப் பிரிந்து எட்டு பேர் கையில் இருக்கும். ஒருத்தர் வாசிக்கிற செய்தியின் 'தொடர்ச்சி 5ம் பக்கம்' இன்னொருத்தர் கையில இருக்கும். அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

அந்த டீக்கடை பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தாங்களா? இல்லை. தனிக் குவளை இருந்த காலம் அது. சேரியிலிருந்து வருபவர் வெளியே நின்று டீ குடித்துவிட்டுப் போகணும், பேப்பர் எப்படிக் கைக்கு வரும்? அதனால்தான் இந்தப் பக்கத்தில் கட்சிகளின் படிப்பகம் அவ்வளவு பெரிய விஷயமாச்சு. கொடிக்கம்பம், பக்கத்துல ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ரெண்டு பத்திரிகை. திமுக படிப்பகத்தில் முரசொலி, விடுதலை. செங்கொடிச் சங்கத்தில் ஜனசக்தி. கன்னடத்துக்காரரான பி.சீனிவாசராவ் 1943ல் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து விவசாயச் சங்கத்தைக் கட்டியபோது, சேரிக்குள்ளே போய் உட்கார்ந்து பேசினார். சாணிப்பால், சவுக்கடியெல்லாம் சட்டப்படி தப்பு என்பதே பல பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் அப்படித்தான். சட்டம் வந்ததைப் பண்ணையார் தினமணியில் படித்தார். பண்ணையாள் சங்கக் கூட்டத்தில் கேட்டார். ஒரே செய்தி, ரெண்டு காது.

இப்போ சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கீவளூரிலிருந்து தெற்கே தேவூர் தாண்டிப் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றதும்தான் விவகாரம். நெல் உற்பத்தியாளர் சங்கத்து ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லாமல் ராமையா என்பவரின் குடிசைக்குள் நுழைந்தவர்களை வைத்துப் பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். வழக்கு போனது கீவளூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. அதாவது எங்க ஊருக்கு.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் பெரிய பத்திரிகைகளில் வந்தது என்ன? விவசாயிகளுக்குள் மோதல், அதில் 42 பேர் எரிந்து செத்தார்கள் என்கிற பாணியில்தான் செய்தி. எண்ணிக்கை பிறகு 44 ஆனது. 'மோதல்' என்ற சொல் போக நாளாச்சு. அன்றைக்கு நிலச்சுவான்தார் தரப்பில் ஒருத்தரும் கொல்லப்பட்டிருந்தார், அதற்காகத் தொழிலாளர் தரப்பில் தண்டனையும் கிடைத்தது. அதனால் மோதல் என்று எழுதினார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனா குடிசைக்குள் இருந்த குழந்தை யாரோடு மோதியது?

எங்க வீட்டில் அப்போது தினமணி. தாத்தா அதைப் படித்துவிட்டு "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு" என்றாராம். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு அப்போ பதினாறு வயசு. கீவளூரில் இருந்துகொண்டு, நடந்து போகிற தூரத்தில் நடந்த ஒன்றை, மெட்ராஸில் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் தாத்தா தெரிந்துகொண்டார். தேவூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஆட்கள் கொல்லைப்புறம் நின்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேப்பர் சொன்னது செய்தி, அவர்கள் சொன்னது பேச்சு. இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. நல்ல மனுஷர்தான். ஆனா எந்த வாயிலிருந்து வந்தால் அது செய்தி என்று அவருக்கு முன்னாடியே முடிவாகியிருந்தது.

1964ல் கட்சி பிளந்த பிறகு சேரிப் பக்கம் போனது தீக்கதிர். 1963ல் வார இதழாக ஆரம்பித்தது. நாளேடாக ஆனது வெண்மணிக்குப் பிறகுதான். அதனால் வெண்மணி ஆட்களுக்குத் தங்கள் கதையைத் தங்கள் பக்கம் நின்று சொல்கிற தாள் வாரத்துக்கு ஒரு முறைதான் கிடைத்தது. நியூயார்க் டைம்ஸ் கூட 1969 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு நீண்ட செய்தி போட்டது. கூலிப் பிரச்சினைதான் அடிப்படை என்று அதில் இருந்தது. அமெரிக்காக்காரனுக்குப் புரிந்திருக்கிறது!

நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970ல் தண்டனை கொடுத்தது. 1973ல் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், அவர்களில் கார் வைத்திருப்பவர் கூட உண்டு, இவர்கள் தாங்களே நடந்துபோய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற மாதிரி காரணம். அதைக் கிழித்து எழுதியவர் மைதிலி சிவராமன். சம்பவம் நடந்ததும் நேரில் வந்து பார்த்தவர். 1973ல் பம்பாயிலிருந்து வந்த எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஆங்கிலத்தில் எழுதினார். அந்த எழுத்தின் பிரதி எங்க ஊருக்கு வந்து சேர்ந்திருக்குமா? எப்படி வரும். பிறகு 1975ல் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் வந்தது, நாவலாக. எங்க ஊர்க் கிளை நூலகத்தில் நான் அதை எடுத்தபோது பல கை பட்டுப் பட்டு அட்டையே இல்லை. பேப்பரில் கிடைக்காததை எங்க ஊர் கதைப்புத்தகத்தில் தேடியிருக்கிறது. (அந்த நாவல் மேல் எனக்கு வேறு சண்டை உண்டு, அது தனிப் பதிவு.)

சரி, எமர்ஜென்சிக்கு வருவோம். 1976 ஜனவரி 31ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்களைக் கூண்டோடு மிசாவில் பிடித்தார்கள். யார் யார் உள்ளே போனார்கள் என்று பேப்பரில் போடக்கூடாது, தணிக்கை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் இவர்கள் என்று வெறும் பெயர்கள். தணிக்கை அதிகாரிக்கு அது அஞ்சலி விளம்பரம் மாதிரி, படித்தவனுக்கு அது கைதானவர் பட்டியல். எங்க பக்கத்துப் படிப்பகத்தில் ஒருத்தர் அதை வாய்விட்டுப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு பேருக்கும் "ம்... ம்..." என்று சத்தம் மட்டும் எழுந்ததாகச் சொல்வார்கள். வழக்கமாகப் படிக்கிற ஆளுக்குத்தான் தன் பேப்பர் எப்போ கண்ணடிக்கிறது என்று தெரியும். கட்சிப் பத்திரிகையைக் கிண்டல் பண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல் ஞாபகம் வரும்.

ரேடியோவைச் சொல்லாமல் விட்டால் அடிப்பீர்கள். திருச்சி வானொலி 1939ல் வந்தது. பஞ்சாயத்து ரேடியோ, கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி, சாயங்காலம் ஊரே கேட்கும். காலை ஏழே கால் மணிக்கு தில்லியிலிருந்து 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்றால் நேரம் சரிபார்த்துக் கொள்ளலாம். ரேடியோவின் பெரிய குணம், அதற்குத் திண்ணையும் கிடையாது, தனிக் குவளையும் கிடையாது. கம்பத்துக்குக் கீழே யார் நின்றாலும் காதில் விழும். ஆனா அது அரசாங்கத்தின் குரல். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டதாக பிபிசி மத்தியானமே சொல்லிவிட்டது, ஆகாசவாணி சாயங்காலம்தான் சொன்னது. ராஜீவ் காந்தியே வங்காளத்தில் டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டார் என்பது தெரிந்த கதை. எங்க ஊரில் இரவு ஒன்பதே காலுக்குத் தமிழோசை. 1941ல் ஆரம்பித்த சேவை, 'தமிழோசை' என்று பேர் வைத்தவர் யாழ்ப்பாணத்து சோ.சிவபாதசுந்தரம். எண்பதுகளில் இலங்கைச் சமாச்சாரத்துக்கு நாகப்பட்டினம் கரையோரம் எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். கூடவே மணிலாவிலிருந்து வெரித்தாஸ். சிற்றலை இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்டவைத்துக் கேட்டதாலேயோ என்னவோ, அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பிபிசி அந்த வானொலியை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தியது.

டிவி வந்ததும் பழைய படிப்பகம் திரும்பி வந்த மாதிரி ஆச்சு, வீட்டுக்குள்ளேயே. 2001 ஜூன் 30 ராத்திரி கருணாநிதி கைது. சன் டிவியில் ஒரு கதை, ஜெயா டிவியில் வேறு கதை. ஒரே வீடு, ஒரே போலீஸ், ஒரே படிக்கட்டு. எதை எங்கே வெட்டி எதை எத்தனை தடவை திருப்பிப் போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். எங்க தெருவில் அன்றைக்கு ரிமோட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் போன வீடு உண்டு.

கடைசியாக சுனாமி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்க ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்களுக்கு முதலில் செய்தி கொண்டுவந்தது டிவி இல்லை, தஞ்சாவூர் சாலையில் நனைந்த துணியோடு ஓடிவந்த ஜனங்கள். கடல் ஊருக்குள்ள வந்துட்டுதுன்னு சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. நானும் டிவியைப் போட்டுப் பார்த்தேன். எதிரே நின்று ஒருத்தர் அழுதுகொண்டு சொல்கிறார், நான் உள்ளே போய் டிவியைப் பார்க்கிறேன். தாத்தா அன்றைக்குக் கொல்லைப்புறம் நின்றவர்களை விட்டுவிட்டுப் பேப்பரைப் பார்த்த மாதிரியே. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போய்விட்டார்கள். நாலு நாள் கழித்து, 30ம் தேதி, மத்திய உள்துறையிலிருந்தே மறுபடி அலை வரலாம் என்று ஒரு எச்சரிக்கை. டிவியில் ஓட ஓட, கரையோரத்தில் மிச்சம் இருந்தவர்களும் மறுபடி உள்ளூர்ப் பக்கம் ஓடிவந்தார்கள். அலை வரவில்லை. அன்றைக்கு அரசாங்கமும் டிவியும் சொன்னது வதந்தி, 26ம் தேதி நனைந்த துணியோடு வந்தவர் சொன்னது செய்தி.

2018 நவம்பர் 16 கஜா புயலில் கரண்டும் போய், செல்போன் டவரும் விழுந்தபோது எங்க ஊர் மறுபடி 1950க்குப் போனது. பைக்கில் திருவாரூர் போய் வந்தவர் கையில் இருந்த ஒரு பேப்பரைப் பதினைந்து பேர் சுற்றி நின்று படித்தோம். ஒருத்தர் உரக்கப் படித்தார். எந்தப் பேப்பர் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

இப்போது டீக்கடையில் தந்தி ஒன்று வருகிறது, பாதி நாள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. மேட்டூர் நீர்மட்டம் காலையிலேயே போனில் வந்துவிடுகிறது, நாலு குரூப்பில் நாலு தடவை. அதைக் கூட ஒருத்தர் தப்பாக அனுப்பி, இன்னொருத்தர் திருத்தி, சண்டையாகி... முன்பு மாறாமல் இருந்த அந்த ஒரே எண்ணுக்கும் இப்போ ரெண்டு கட்சி.

டிசம்பர் 25 வெண்மணி நினைவு நாள், 26 சுனாமி நினைவு நாள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் ரெண்டும் அடுத்தடுத்த நாட்களில் வரும். போன வருஷம் அப்பா ரெண்டு தாளையும் எடுத்து வைத்திருந்தார். 25ம் தேதி கூட்டத்துக்கு எத்தனை வரி, எந்தப் பேப்பரில் எத்தனை பத்தி என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்து மக்களே, உங்க ஊர் டீக்கடையில் என்ன பேப்பர் கிடந்தது, யார் சத்தமாகப் படித்தார்கள்? எழுதுங்க. தெரிஞ்சுக்க ஆசை.